பொதுவும் இதரவும்

இந்த மாதக் கடைசியோடு நான் இந்தக் குழுவை விட்டு வேறு வேலைக்குப் போகிறேன். என் இடத்துக்கு வருகிறவருக்கும், கல்லூரி முடித்த கையோடு இங்கே சேர்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, சர்வரில் எப்படி ஏற்றுவது என்பதெல்லாம் ஒப்படைப்புக் குறிப்பில் இருக்கின்றன. அதில் எழுத முடியாத ஒன்று பாக்கி. நம் கல்யாண மண்டப மென்பொருளின் மாட்யூல்கள் ஏன் இப்படிப் பிரிந்திருக்கின்றன என்பது. பார்த்தவுடன் அளவுக்கு மீறிப் பிரித்ததாகத் தோன்றும். வளைகாப்புக்கெல்லாம் ஒரு தனி மாட்யூலா என்று உங்களில் ஒருவர் போன வாரம் கேட்டார். அவருக்கு அப்போது பதில் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் திருமுல்லைவாயில் வரை போக வேண்டியிருக்கும்.

என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றுகிறவர். அம்மா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டுகிறவர். இருவரும் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலாகப் போனதே என்னைச் சேர்ப்பதற்குத்தான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை, பெருமைதான். தொழிலுக்கும் அது உதவியது. வீட்டில் என் வேலையை விளக்கும்போது ஆங்கில வார்த்தைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. எம்.வி.சி. என்றால் என்ன என்று அம்மாவுக்கு ஒருமுறை மண்டபத்தை வைத்தே சொன்னேன். புக் செய்ய வருகிறவர்கள் பார்க்கிற திரை வியூ. அவர்கள் கேட்பதை வாங்கி, உள்ளே கேட்க வேண்டிய இடத்தில் கேட்டு, பதிலைக் கொண்டுவந்து தருவது கன்ட்ரோலர். யாருக்கு எப்போது கொடுத்திருக்கிறது என்ற விவரமும், எப்படிக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் மாடல்.

"நீ இதுல எங்க உக்காந்துகினு கீற?" என்று அம்மா கேட்டார்.

"பெரும்பாலும் மாடல்ல."

"உள்ள கீற. நல்லது. வெளிய வந்து எவன்கிட்டயும் திட்டு வாங்க வேணாம்."

நானும் அப்போது அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நாம் இந்த மென்பொருளை வேறொருவரிடமிருந்து எடுத்துக்கொண்டபோது எல்லா கன்ட்ரோலர்களும் ஒரு ஃபோல்டரில் கிடந்தன, எல்லா மாடல்களும் ஒரு ஃபோல்டரில், எல்லாத் திரைகளும் ஒரு ஃபோல்டரில். சமையல் ஆர்டரில் ஒரு சின்ன மாற்றம் என்றாலும் மூன்று ஃபோல்டர்களிலும் தேட வேண்டும். கல்யாண புக்கிங் ஒரு மாட்யூல், சமையல் ஒரு மாட்யூல், மேடை அலங்காரம் ஒரு மாட்யூல், கணக்கு ஒரு மாட்யூல், ஒவ்வொன்றுக்கும் அதனதன் மாடல், வியூ, கன்ட்ரோலர் என்று நான்தான் பிரித்தேன். என் பக்கத்து மேசையில் இருந்த தீபக்குக்கு இது பிடிக்கவில்லை. அவன் ஆவடிக்காரன், என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன்.

"ஓடிகினு இருக்குற வண்டிய எதுக்கு நைனா கயட்டிகினு கீற?"

"நாளைக்கு நடுரோட்ல நின்னா எந்த நட்டுன்னு தெரியணும்ல."

"நிக்கட்டும். தள்ளிகினு போவலாம். நாமதான் ரெண்டு பேரு கீறோமே."

பிரித்து முடிந்ததும் அவனே அதிகம் பயன்படுத்தினான். எந்த மாட்யூலிலும் அடங்காத சில்லறைகளுக்குப் 'பொது' என்று ஒன்று இருந்தது. இரண்டு மாட்யூல்களுக்குத் தேவைப்படுவது எதுவோ அதைப் பொதுவில் போடு என்பது எங்கள் குழுத் தலைவரின் விதி. பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். அந்த விதிப்படி, மண்டபம் காலியா இல்லையா என்று சொல்லும் ஃபங்ஷன், அந்தச் சின்ன நிரல் துண்டு, பொதுவில் இருந்தது. புக்கிங்கும் அதைக் கேட்கும், சமையலும் அதைக் கேட்கும்.

மண்டபங்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம் என்றால் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சாவி கொடுப்பார்கள். அன்று மாலை ரிசப்ஷன். மறுநாள் தாலி கட்டி, சாப்பிட்டு, மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பித் தர வேண்டும். பத்திரிகையிலும் மென்பொருளிலும் கல்யாணத் தேதி ஞாயிறு என்றுதான் இருக்கும். முந்தைய மாலை சேர்ந்து வருவதை யாரும் தனியாக எழுதுவதில்லை. பொதுவில் இருந்த ஃபங்ஷன் மட்டும் அதை அறிந்திருந்தது. அதற்குக் கல்யாணத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மண்டபத்தில் கல்யாணம் மட்டுமே நடந்த வரை, கல்யாணத்தின் விதி மண்டபத்தின் விதி போலவே தெரிந்தது.

பிறகு மண்டப முதலாளி சின்ன விசேஷங்களுக்கும் கொடுக்கலாம் என்று முடிவு செய்தார். பிறந்தநாள், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. அரை நாள் வாடகை, காலை அல்லது மாலை. தீபக் அதற்கு ஒரு மாட்யூல் எழுதினான். அதன் பெயர் 'இதர'. முதல் வாரமே மண்டப மேனேஜர் ஏழுமலை அண்ணன் போன் செய்தார். ஞாயிறு மதியமே கல்யாணக்காரர்கள் போய்விடுகிறார்கள், மாலை மண்டபம் சும்மா கிடக்கிறது, உங்கள் கம்ப்யூட்டர் மட்டும் நிரம்பிவிட்டது என்கிறதே என்று. அவர் சொன்னது சரி. தீபக் பொதுவில் இருந்த ஃபங்ஷனைத் திறந்து, கேட்கிற தேதியில் கேட்கிற வேளையை மட்டும் பார்க்கும்படி மாற்றினான். ஞாயிறு மாலை திறந்துகொண்டது. சோதித்தான், சரியாக இருந்தது. ஞாயிறுதான் கேட்டார்கள், ஞாயிறைத்தான் சோதித்தான். சனி மாலையும் கூடவே திறந்துகொண்டது யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். ஏழுமலை அண்ணன் மறுபடியும் கூப்பிட்டார். அவர் பின்னால் கூட்டத்தின் சத்தம் கேட்டது. தை முகூர்த்தங்களுக்குப் புக்கிங் திறந்த நாள் அது.

"த பாரும்மா சத்யா, மேட கட்றவன் வந்து நிக்கிறான். வர்ற சனிக்கெழம சாயங்காலம் எந்தப் பேர மாட்டறதுன்னு கேக்கறான். ரெண்டு பேரு குட்த்துகீது உன் கம்ப்யூட்டரு. ஒண்ணு ரிசப்ஷனு, ஒண்ணு மஞ்ச நீராட்டு. ரெண்டு ஊட்லயும் பத்திரிக வெச்சாச்சு. மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னத் தூக்கி ஏரில போட்ருவாரு, உங்கள அதுக்கு முன்னாடி போட்ருவாரு."

எங்கள் குழுத் தலைவர் அன்று வேறொரு வாடிக்கையாளரைப் பார்க்கக் கோயம்புத்தூருக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். போனில் விட்டு விட்டுக் கேட்டது. ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். தீபக்கின் மாற்றத்தை உடனே திரும்ப எடுங்கள், பழைய ஃபங்ஷனைப் போடுங்கள். தீபக் அதற்குள் கீபோர்டில் கை வைத்துவிட்டான்.

"கை எடு" என்றேன்.

"இன்னா கை எடு? லீடு சொல்றாருல்ல?"

"சமையல் மாட்யூல் இதே ஃபங்ஷனைத்தான் கேக்குது. பழசைப் போட்டா ஞாயிறு சாயங்காலம் எல்லாம் திரும்ப கல்யாணத்துக்குப் போயிடும். அந்த வேளைக்கு ஒழுங்கா புக் பண்ணவங்களோட சமையல் ஆர்டரு தானா நின்னுடும். சரியா இருக்கறதையும் சேத்து ஒடைக்கப் போற."

அவன் கையை எடுத்தான். "அப்ப இன்னா பண்றது? மொத்தத்தையும் நிறுத்திடலாமா? அங்க கவுன்ட்டர்ல க்யூ நிக்குது."

நெருக்கடியில் முதலில் தோன்றுகிற இரண்டு யோசனைகளும் இவைதான். நடந்ததை நடக்காதது போல் ஆக்குவது, அல்லது எல்லாவற்றையும் மூடுவது. இரண்டிலும் யோசிக்கிற வேலை இல்லை, அதனால்தான் அவை முதலில் வருகின்றன. அன்று மாட்யூல்கள் பிரிந்திருந்ததால் எங்களுக்கு மூன்றாவது வழி இருந்தது. இயங்கும் மாட்யூல்களின் பட்டியலிலிருந்து 'இதர'வை மட்டும் எடுத்தேன். சின்ன விசேஷங்களுக்குப் புதிய புக்கிங் நின்றது. ஏற்கெனவே பதிவானவை அப்படியே இருந்தன. கல்யாண கவுன்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அது போதிய நேரத்தைத் தந்தது. கல்யாணத்துக்கு முந்தைய மாலைகளில் வேறு யாருக்காவது கொடுத்திருக்கிறதா என்று இருவரும் தேடினோம். அந்த ஒரு சனிக்கிழமை மட்டும்தான் மோதியது.

தொழில்நுட்பப்படி பிரச்சினை அங்கே முடிந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை மாலை இரண்டு குடும்பங்களிடம் இருந்தது.

ஏழுமலை அண்ணன் மனத்தில் முடிவு தயாராக இருந்தது. "கல்யாணத்த இன்னா பண்ண முடியும்? சின்ன பார்ட்டிகிட்ட கம்ப்யூட்டர் கோளாறு, கேன்சலுன்னு சொல்லி வாடகையத் திருப்பிக் குட்த்துடுவேன். போன்ல முட்ச்சிரலாம்."

போனில் சொல்ல வேண்டாம், நாங்கள் வருகிறோம், நேரில் போவோம் என்றேன். அவருக்கு ஆச்சரியம். தீபக்குக்கு அதைவிட அதிகம். "நாம எதுக்கு? நாம உள்ள உக்காந்து கோடு எழுதறவங்க." என்னிடம் நல்ல காரணம் எதுவும் இல்லை. விதி எங்கே கெட்டது என்று தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான், கேள்வி கேட்டால் பதில் சொல்ல எங்களால்தான் முடியும் என்று மட்டும் சொன்னேன்.

மஞ்சள் நீராட்டு வீடு திருமுல்லைவாயில் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். அம்சா அக்கா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்கிறவர். மூத்த மகள் காவ்யாவுக்கு மஞ்சள் நீராட்டு. நாங்கள் போனபோது கூடத்தில் சீர்வரிசைக்கு வாங்கிய எவர்சில்வர் தட்டுகளைக் காவ்யா துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏழுமலை அண்ணன் ஆரம்பித்தார், பாதியில் நின்றார். மீதியை நான் சொன்னேன். சனிக்கிழமை மாலை கல்யாணக்காரர்களுக்கு முன்பே போய்விட்டது, அது தெரியாமல் எங்கள் மென்பொருள் உங்களுக்கும் கொடுத்துவிட்டது என்று.

அம்சா அக்கா கத்தவில்லை. தட்டு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"கல்யாணத்துக்குன்னா மொத நாளு, மறுநாளுன்னு உடுவீங்க. எங்களுக்கு ஒரே ஒரு சாயங்காலம் உட மாட்டீங்க. அப்டித்தானே?"

"தப்பு எங்களுதுக்கா."

"அது தெரியுது. உன் மெஷின்ல என் பொண்ணு பேரு இன்னான்னு போட்டுகீது, காட்டு."

போனில் அந்தப் பதிவைத் திறந்து கொடுத்தேன். அவர் அதை மகளிடம் நீட்டினார். காவ்யா படித்தாள்.

"இதர. மாலை. அவ்ளோதாம்மா போட்டிருக்கு. உன் போன் நம்பர் கீது."

"என் பேரு?" என்றார் அம்சா அக்கா.

"இல்ல."

கல்யாண மாட்யூலில் மணமகன் பெயர், மணமகள் பெயர், பெற்றோர் பெயர், மேடைப் பலகையில் எப்படி எழுத வேண்டும் என்பது வரை இடம் இருந்தது. 'இதர'வில் வேளையும் போன் எண்ணும் போதும் என்று விட்டிருந்தோம். மேடை கட்டுகிறவரிடம் பெயரை ஏழுமலை அண்ணன்தான் தனியாக வாயால் சொல்லியிருந்தார்.

அம்சா அக்காவின் தம்பிக்கு, காவ்யாவின் தாய்மாமனுக்குப் போன் போனது. அவர் பேசியதில் எனக்குக் கேட்டவற்றை எழுத வேண்டியதில்லை. அதே முதலாளியின் இன்னொரு மண்டபம் பூந்தமல்லி பக்கம் இருக்கிறது, அங்கே மாற்றித் தரலாம் என்று ஏழுமலை அண்ணன் சொல்லிப் பார்த்தார். "இங்க கீற ஜனம் நடந்து வரும். பூந்தமல்லிக்கு யார் வருவா, நீ வந்து ஒக்காந்து சாப்புடறியா?" என்றார் அம்சா அக்கா.

அப்போது தீபக் முதல் முறையாக வாயைத் திறந்தான். "அக்கா, ஞாயித்துக்கெழம சாயங்காலம் அதே மண்டபம் காலியா கீது. கல்யாணக்காரங்க மூணு மணிக்குக் கெளம்பிடுவாங்க."

காலையில் பழைய ஃபங்ஷனைப் போட்டிருந்தால் அந்த மாலை திரையில் நிரம்பியதாகத்தான் காட்டியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருப்போம். சனிக்கிழமையைக் கெடுத்த அதே மாற்றம்தான் ஞாயிறைத் திறந்து வைத்திருந்தது. தவறு என்று தெரிந்த ஒரு மாற்றத்தை முழுவதுமாகத் தூக்கி எறிவதற்கு முன், அதில் சரியாக இருந்தது எது என்று பாருங்கள்.

அம்சா அக்கா நாட்காட்டியைப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம முகூர்த்த நாளுதான். நாலரலேர்ந்து ஆறு ராகு காலம். ஆறுக்கு மேல வெச்சிக்கலாம்." ஏழுமலை அண்ணன் மூச்சு விட்டார். ஆனால் அம்சா அக்கா இன்னும் முடிக்கவில்லை.

"பத்திரிக வெச்ச ஊட்டுக்கெல்லாம் இப்ப இன்னான்னு சொல்றது? நானே போயி நாளு மாறிச்சுன்னு சொன்னா, வாடக கட்ல போல, மாமன்காரன் கைய விரிச்சிட்டான் போலன்னு பேசுவாங்க. ஒரு வருசம் பேசுவாங்க. தப்பு உங்களுதுன்னு சொன்னியே, அத என்கிட்ட சொல்லி இன்னா புண்ணியம்? என் கூட வா. ஊடு ஊடா வந்து சொல்லு."

ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்தார். தீபக் பார்த்தான். வருகிறேன் என்றேன்.

அன்று மாலையும் மறுநாள் மாலையும் போனோம். தீபக்கும் வந்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன், அவன் சொல்லவில்லை. அம்சா அக்கா முதல் வரியை மட்டும் சொல்வார். "காவ்யா விசேஷம் ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்கு மாறிச்சு. ஏன்னு இவங்க சொல்வாங்க." பிறகு எங்கள் முறை. முதல் வீட்டில் தீபக் சிஸ்டம், அப்டேட் என்று ஆரம்பித்தான். அந்த வீட்டுப் பெரியவர் அம்சா அக்காவின் பக்கம் திரும்பி, "இன்னா சொல்றான் இவன்? பணம் கட்டலையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு தீபக் மூன்று வாக்கியங்களில் சொல்லப் பழகினான். "இவங்க ஒழுங்கா பணம் கட்டி மண்டபம் எடுத்தாங்க. நாங்க எழுதுன கம்ப்யூட்டரு அதே வேளைய ரெண்டு பேருக்குக் குட்த்துடுச்சு. தப்பு எங்க கம்பெனிது, இவங்களுது இல்ல." நம் துறையில் ஒரு கோளாறைப் பற்றி அவ்வளவு தெளிவான அறிக்கையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

ஒரு வீட்டில் ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "மண்டபத்துல பெருக்கற பொண்ணா?" என்று அம்சா அக்காவிடம் கேட்டார்.

"இல்ல. கம்ப்யூட்டர்ல எழுதற பொண்ணு. படிச்சிகீது. தப்புன்னு தெரிஞ்சதும் நடந்து வந்து சொல்லுது பாரு."

அதை அவர் பாராட்டாகச் சொல்லவில்லை. தன் பக்கத்துச் சாட்சியின் தகுதியைச் சொன்னார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கடைசித் தெருவை முடித்துவிட்டு ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது தீபக் கேட்டான். "ஏன் சத்யா, அது ஏன் பொதுவுல இருந்துச்சு? அது கல்யாணத்தோட விதிதானே?"

அதுதான் கேள்வி. இரண்டு பேர் கேட்கிறார்கள் என்பதால் ஒரு விதி பொதுவாகிவிடுவதில்லை. அந்த விதி யாருடையது என்று பார்க்க வேண்டும். அந்த வாரமே குழுத் தலைவரிடம் இதைச் சொன்னேன். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, அவர் விதியை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. திரையில் அந்தச் சனிக்கிழமையைத் திறந்து காட்டியதும் விட்டார். மண்டபம் என்று ஒரு மாட்யூல் உண்டாக்கினோம். அதற்குக் கல்யாணம் தெரியாது, வளைகாப்பு தெரியாது. இந்த மணியிலிருந்து இந்த மணி வரை யாரிடம் சாவி இருக்கிறது என்பது மட்டும் தெரியும். எப்போது ஆரம்பித்து எப்போது முடியும் என்பதை அந்தந்த விசேஷத்தின் மாட்யூலே சொல்ல வேண்டும். கல்யாணம் முந்தைய மாலையைச் சேர்த்துச் சொல்லும். வளைகாப்பு தன் காலையை மட்டும் சொல்லும். 'இதர' என்ற பெயரை எடுத்துவிட்டோம். நான்கு விசேஷங்களுக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி மாட்யூல், பலகையில் எழுத வேண்டிய பெயருக்கு ஓர் இடம். அதனால்தான் வளைகாப்புக்கும் ஒன்று இருக்கிறது.

ஞாயிறு மாலை எங்களுக்கும் அழைப்பு இருந்தது. ஆறு மணிக்குப் போனோம். கல்யாணக்காரர்களின் வாழைமரம் இன்னும் வாசலிலேயே இருந்தது, அம்சா அக்கா அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மேடைப் பலகையில் பழைய எழுத்துகளைப் பிடுங்கிப் புதியவற்றை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தாய்மாமன் தட்டுகளோடு மேளம் முன்னால் போக வந்தார். எங்களைப் பார்த்தார். பந்தியில் எங்கள் இலைக்கு வந்து, தீபக்குக்கு இன்னொரு வடை வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். நாற்காலிகள் நிறைந்திருந்தன. நாங்கள் போய்ச் சொன்ன வீட்டு முகங்கள் பலவும் எனக்குத் தெரிந்தன.

அடுத்த நாள் தீபக் மண்டப மாட்யூலில், காலியா இல்லையா என்று சொல்லும் ஃபங்ஷனுக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினான். நீங்கள் அந்தக் கோப்பைத் திறக்கும்போது பார்ப்பீர்கள். 'இதை மாற்றுகிறவர், மாற்றியது தப்பானால் வீடு வீடாகப் போய்ச் சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.' குழுத் தலைவர் அதை இரண்டு முறை நீக்கச் சொன்னார். தொழில்முறையாக இல்லை என்றார். இரண்டு முறையும் நான் நீக்க விடவில்லை.

இனி அதைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நீங்கள். நிரல் ஓடுவதற்கு அந்த வரி தேவையில்லை. இருந்தாலும் அதை அழிக்காதீர்கள்.